இடுப்பை அசைத்தால் மானம் போய்விடுமா?



'ஆட்டம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் மனதில் இரண்டு படங்கள்தான் வருகின்றன. ஒன்று, சலங்கை கட்டி, பட்டுடுத்தி, மேடையில் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றம். மற்றது, பழைய சினிமாவில் வில்லனின் விடுதியில் வரும் 'கபரே' ஆட்டம். முதலாவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்றும், இரண்டாவது கெட்டுப்போன பெண்களுக்கு உரியது என்றும் எங்களுக்குச் சிறு வயதிலேயே சொல்லித்தரப்பட்டு விடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், கணவனை இழந்தவளுக்கும், தேடிக்கொண்டிருப்பவளுக்கும், ஒரு காலைப் பறிகொடுத்தவளுக்கும் தன் உடம்பை அசைத்து ஆட ஓர் இடம் இருக்கிறதா? இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. ஒரு செயலமர்வுக்குப் போன இடத்தில் அது என்னைத் தேடி வந்தது.

என் ஊர் மயிலிட்டி. ஆனால் நான் அங்கே பிறக்கவில்லை. 1990 ஜூனில் ஊர் முழுவதும் எழும்பி ஓடிய பின்னர் பிறந்தவள் நான். மல்லாகத்துப் பக்கம் ஒரு நலன்புரி நிலையத்தில், ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பமும் இந்தப் பக்கம் ஒரு குடும்பமுமாக வளர்ந்தேன். அங்கே பெண்பிள்ளைகளுக்கு முதலில் பழக்கப்பட்டது உடம்பைச் சுருக்கிக்கொள்வதுதான். குளிப்பதும் உடுப்பு மாற்றுவதும் படுப்பதும் பிறர் கண் படாமல் நடக்க வேண்டும். சத்தமாகச் சிரித்தால்கூட தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் கேட்கும். 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகத்தையும் அதை அண்டிய காணிகளில் ஒரு பகுதியையும் விட்டபோது, 27 வருடங்களுக்குப் பின் அம்மாவோடு ஊருக்குள் கால் வைத்தேன். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. அம்மா கிணற்றை வைத்துத்தான் எங்கள் காணியை அடையாளம் கண்டார். சுருக்கிப் பழகிய உடம்பு, காணி கிடைத்ததும் தானாக விரியவில்லை என்பதை நான் கண்டுகொண்டதும் அந்த நாட்களில்தான்.

கொழும்பில் இரண்டு நாட்கள்

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் பெண் சமூகப் பணியாளர்களுக்காக இரண்டு நாள் செயலமர்வு ஒன்று நடந்தது. 'உடலும் மனமும்' என்றுதான் அழைப்பில் இருந்தது. போய் இருந்த பின்னர்தான், வளவாளராக வந்த பெண்மணி கெய்ரோ நகரில் பல வருடங்கள் எகிப்திய நடனம் பயின்றவர் என்றும், 'பெல்லி டான்ஸ்' என்று உலகம் சொல்லும் ஆட்டத்தைத்தான் எங்களுக்குப் பழக்கப் போகிறார் என்றும் தெரிந்தது. எனக்குப் பஸ் ஏறித் திரும்பிவிடலாம் போல இருந்தது. மயிலிட்டியில் யாராவது கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதல் யோசனை.

அவர் முதலில் ஆடச் சொல்லவில்லை. நிலத்தில் வட்டமாக இருத்தி, அந்த ஆட்டத்தின் கதையைச் சொன்னார். எகிப்தில் அதற்கு அந்தப் பெயரே இல்லையாம். 'வயிற்று நடனம்' என்று பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1893இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அதை ஒரு வேடிக்கையாகக் காட்டிய பின்னர் அந்தப் பெயர் ஆங்கிலத்திலும் நிலைத்துவிட்டது. எகிப்தியர் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று 'ரக்ஸ் பலதி'. ரக்ஸ் என்றால் ஆட்டம், பலதி என்றால் ஊருக்குரியது. எங்கள் பேச்சில் சொன்னால் 'ஊராட்டம்'. மற்றது 'ரக்ஸ் ஷர்கி', அதாவது 'கிழக்கத்திய ஆட்டம்'. இது மேடைக்கு ஏறிய வடிவம்.

முதல் நாள்: ஊராட்டம்

முதல் நாள் முழுவதும் ஊர் முறை. கலியாண வீட்டில், மருதோன்றி இடும் இரவில், பெண்கள் தங்களுக்குள் கூடி ஆடும் ஆட்டம் இது. தாய் ஆடுவாள், மகள் பார்த்துப் பழகுவாள், பேத்தி நடுவில் புகுந்து குழப்புவாள். பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. பாதம் முழுவதும் நிலத்தில் பதிந்திருக்கும், முழங்கால் சற்று மடிந்திருக்கும், பாரம் கீழே இறங்கியிருக்கும். இடுப்பு வட்டம் போடும், எட்டுப் போடும், சில வேளை சின்னதாக நடுங்கும். அவ்வளவுதான்.

எகிப்தின் தென்பகுதியில் ஆண்கள் தடி எடுத்து ஆடும் 'தஹ்தீப்' என்ற ஆட்டம் இருக்கிறது. எங்கள் சிலம்பம் போல. 2016இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அந்தத் தடியைப் பெண்கள் கையில் எடுத்து, சண்டையைப் பகிடியாக்கி, தோளிலும் தலையிலும் வைத்து ஆடுவது இன்னொரு வகை. அதன் தாளம் 'தும் தெக், தும் தும், தெக்' என்று வரும். வளவாளர் அதைக் கையால் தட்டிக் காட்டினார். மட்டக்களப்பிலிருந்து வந்த சகோதரி ஒருவர் உடனே மேசையில் அதைத் திருப்பி அடித்தார். எகிப்தியப் பெண்கள் மகிழ்ச்சியில் நாவைச் சுழற்றி எழுப்பும் ஒலியை வளவாளர் செய்து காட்டியபோது, அதே சகோதரியும் புத்தளத்திலிருந்து வந்த முஸ்லிம் சகோதரியும் ஒரே நேரத்தில் "இது எங்கட குரவைதானே!" என்றார்கள். பிறகு இருவரும் சேர்ந்து குரவையிட்டார்கள். மண்டபத்துக் காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். இடுப்பை வட்டமாகச் சுழற்றச் சொன்னார். தோளும் கழுத்தும் சேர்ந்து திரும்பியதே தவிர, இடுப்பு மட்டும் தனியாக அசையவில்லை. வலிக்கவும் இல்லை. பூட்டிய பெட்டி போல் இருந்தது. "எப்பொழுது பூட்டினீர்கள்?" என்று கேட்டார். பதில் தெரிந்தும் நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்: மேடை ஆட்டம்

இரண்டாம் நாள் 'கபரே' முறை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1926இல் பதியா மசாப்னி என்ற பெண், கெய்ரோவில் இரவுக் கலையரங்கம் ஒன்றைத் திறந்தார். வீட்டு முற்றத்தில் நின்ற இடத்தில் ஆடிய ஆட்டம் அங்கேதான் பெரிய மேடைக்கு ஏற்றதாக மாறியது. கைகள் அகல விரிந்தன, மேடை முழுவதும் நடை வந்தது, மேலைநாட்டு நடனத்தின் சாயல் கலந்தது. மினுங்கும் இரண்டு துண்டு உடை பரவியதும் அந்தக் காலத்தில்தான். தஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்ற பெரும் நட்சத்திரங்கள் அந்த அரங்கிலிருந்து வந்து அரபுச் சினிமாவை ஆண்டார்கள்.

இன்னொரு பக்கத்தில் 1959இல் மஹ்மூத் ரேதா என்பவர் தன் குடும்பத்தினரோடு ஒரு நடனக் குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்க் கிராமிய ஆட்டங்களைப் பார்த்து, அவற்றை மேடைக்கு ஏற்றவாறு சீர்செய்தார். குழுவின் முதன்மைப் பெண் கலைஞர் ஃபரீதா ஃபஹ்மி. 'நல்ல குடும்பத்துப்' பெண்ணும் ஆடலாம் என்பதைச் சமூகம் ஏற்றுக்கொண்டது அந்தக் குழுவால்தான் என்று சொல்வார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் செயலமர்வுகளில் ஒரு பகுதி கிராமிய முறை, மறுபகுதி மேடை முறை என்று பிரித்துக் கற்பிப்பது இந்த வரலாற்றால்தான்.

இதைக் கேட்டபோது என் சமூகவியல் மூளை விழித்துக்கொண்டது. இதே கதை எங்களிடமும் இருக்கிறதே! எங்கள் யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரி 'பெரிய மேளம்', ஆடும் பெண்களின் சதிர்க் கச்சேரி 'சின்ன மேளம்'. ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாக எதிர்த்தார். தமிழ்நாட்டில் 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் போன்ற நிறுவனங்கள் வழியாகச் சதிர் 'பரதநாட்டியம்' என்ற மரியாதைப் பெயரோடு வேறு வீடுகளுக்குப் போய்விட்டது. ஆட்டம் தப்பிவிட்டது. ஆடிய பெண்களுக்கு என்ன கிடைத்தது? எகிப்திலும் 1834இல் முஹம்மத் அலி என்ற ஆட்சியாளர் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்குக்குத் துரத்தினார். ஒழுக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அதிகாரம் நினைக்கும்போதெல்லாம் முதலில் இடம்பெயர்வது பெண்தான் என்று தோன்றியது. இடம்பெயர்வு எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனாலும் அன்று பின்னேரம் காசு கோத்த இடுப்புப் பட்டியைக் கட்டச் சொன்னபோது நான் கட்டவில்லை. சில்க் ஸ்மிதா நினைவுக்கு வந்தார். திரை முழுக்க அவருடைய உடம்பை விற்றுச் சம்பாதித்தவர்கள் பலர். 1996இல் தன் 35ஆவது வயதில் அவர் சென்னையில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். ஆட்டத்தில் குற்றம் இல்லை. யாருக்காக, யார் சொல்லி, யார் இலாபத்துக்காக ஆடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வளவாளர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "வேண்டாம் என்று சொல்வதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடம்தான்" என்றார்.

ஊரில் நான் விட்ட பிழை

ஊருக்குத் திரும்பியதும் எனக்குப் பெரிய உற்சாகம். எங்கள் பெண்கள் குழுவில் பதினொரு பேர். பாதிக்கு மேல் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். எல்லோருக்கும் நாரிப்பிடிப்பு, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு. எங்கள் மக்கள் மனத்துயரை உடம்பு நோவாகத்தான் சொல்லி வைத்தியரிடம் போகிறார்கள் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் எத்தனையோ வருடங்களாக எழுதி வருகிறார். அப்படியானால் உடம்பு வழியாகவே மனதைத் தொடலாமே என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம், ஓர் அக்காவின் முற்றத்தில் கைத்தொலைபேசியில் அரபுப் பாட்டைப் போட்டு, "எல்லாரும் எழும்புங்கோ" என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. எல்லோருடைய கண்ணும் வேலியில் இருந்தது. அது வேலிகூட இல்லை, தகரமும் கம்பியும்தான். அந்தப் பக்கம் வள்ளத்துக்குப் போகும் ஆண்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இருவர் கறி அடுப்பில் என்று சொல்லிப் போய்விட்டார்கள். ஒரு மாமி என் கையைப் பிடித்து, "பிள்ளை, நீ படிச்சனி. உனக்கு ஒண்டும் சொல்லமாட்டினம். எங்களைத்தான் சொல்லுவினம்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் அவர்களைக் கேட்கவில்லை. வளவாளர் எனக்குத் தந்த 'வேண்டாம்' என்ற உரிமையை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மாமியின் வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பாட்டு இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். நாரிப்பிடிப்புக்கு ஏதாவது சொல்லித்தரச் சொன்னார்கள். முழங்காலை மடித்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி, இடுப்பை மெல்ல வட்டம் போட்டுக் காட்டினேன். "இது அம்மியில அரைக்கிற மாதிரி" என்றார் ஒருவர். பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றிக் காட்டினேன். "இது கரைவலை இழுக்கிறது" என்றார் இன்னொருவர். சிரிப்பு வந்தது. முகாமில் காலம் முழுவதும் நோயோடு கிடந்த ஓர் ஆச்சி, "உது என்ன ஆட்டம், நாங்கள் ஆடினது பாக்கேல்லையே" என்று எழும்பி, குனிந்து நிமிர்ந்து கும்மி அடித்தார். இடம்பெயர்வுக்கு முந்திய மயிலிட்டியில், கொட்டும் நிலவில், கடற்கரை மணலில் பெட்டையளாக ஆடியதாம். அன்று பேத்திமார் வயதில் இருந்தவர்களும் அதைப் பார்த்து ஆடினார்கள். எகிப்துக்குப் போய் நான் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தது போல இருந்தது.

ஆனால் ஓர் அக்கா மட்டும் சுவரோடு நின்றார். அவருடைய கணவர் 2009இல் காணாமலாக்கப்பட்டவர். பதிவு இருக்கிறது, கோப்பு இருக்கிறது, பதில் இல்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்று அவருக்கு ஊரே ஆளுக்கொரு கதை சொல்லும். "நான் ஆடினால் மனுசனை மறந்திட்டாள் எண்டு சொல்லுவினம். ஆடாமல் இருந்தால் அவர் செத்துப்போனார் எண்டு நானே துடக்குக் காக்கிற மாதிரி இருக்கு. நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். அறையில் ஒருவரும் பேசவில்லை. என்னிடமும் மறுமொழி இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பின் ஆச்சி, "அப்ப நீ தாளத்தைத் தட்டு, மோனை" என்றார். அவர் தட்டினார். இன்றைக்கும் ஒவ்வொரு கிழமையும் வருகிறார். தட்டுகிறார். ஆடுவதில்லை. நாங்கள் கேட்பதும் இல்லை.

வேறு இடங்களில் என்ன நடந்தது?

அசைவைக் கொண்டு காயத்தை ஆற்றுவது புதிய விடயம் அல்ல. 1942இல் வாஷிங்டன் நகரின் மனநல மருத்துவமனை ஒன்றில் மரியன் சேஸ் என்ற நடன ஆசிரியை நோயாளிகளோடு இதைத் தொடங்கினார். போரிலிருந்து மனம் உடைந்து திரும்பிய படையினரும் அவர்களில் இருந்தார்கள். கொல்கத்தாவில் சமூகவியல் படித்த நடனக் கலைஞர் சோகினி சக்கரவர்த்தி 2004இல் 'கொல்கத்தா சன்வேத்' அமைப்பைத் தொடங்கி, பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களோடு நடன அசைவுச் சிகிச்சை செய்து வருகிறார். அப்படி மீண்ட பெண்களே பின்னர் மற்றவர்களுக்குப் பயிற்றுநர்களாக வந்திருக்கிறார்கள். எங்கள் நாட்டிலும், மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் பெண்கள் பாட்டையும் நாடகத்தையும் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கூத்து மரபில் வளர்ந்த எங்களுக்கு இது சிறிய மாற்றம் அல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் காணியை மீட்டுத் தராது. காணாமல் போனவரைப் பற்றிய பதிலைத் தராது. கடனைக் கட்டாது. 'பெண்களுக்கு ஆட்டம் பழக்கினோம்' என்று அறிக்கை எழுதி மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடும் நிறுவனம் எதுவாயினும் அதை நம்பாதீர்கள். ஆனால் இவற்றுக்காக அலைய வேண்டிய உடம்பு எங்களுடையது. கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஏறி இறங்க அது வேண்டும்.

உங்கள் ஊரிலும் செய்து பார்க்க

இதற்குக் காசு வேண்டியதில்லை. சில ஒழுங்குகள் மட்டும் வேண்டும்.

முதலில் எங்கே, எப்போது, யாரோடு என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். வெளியார் கண் படாத இடமாக இருக்கட்டும். ஆனால் கதவைப் பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். பூட்டிய அறை பலருக்குப் பழைய பயத்தைக் கொண்டுவரும். எப்போது வேண்டுமானாலும் எழும்பிப் போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கக் கூடாது. கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரு கூடைக்குள் போகட்டும்.

யாரையும் கேட்காமல் தொட்டுத் திருத்தக் கூடாது. கண்ணை மூடச் சொல்லக் கூடாது. விரும்பியவர் மூடட்டும். நின்றபடி பாதம் இரண்டையும் நிலத்தில் நன்றாகப் பதித்து, பத்துத் தடவை மூச்சை ஆறுதலாக விட்டுத் தொடங்குங்கள். பிறகு தோள், பிறகு கை, கடைசியில்தான் இடுப்பு. நோகும் அளவுக்குப் போக வேண்டாம். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சத்திரசிகிச்சை செய்தவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக் கால் உள்ளவர்கள் கதிரையில் இருந்தபடி தோளாலும் கையாலும் ஆடலாம். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். தாளம் பிசகாதவர் அவர் ஒருவர்தான்.

இடையில் யாருக்காவது பழைய நினைவு வந்து நடுக்கமோ அழுகையோ வந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். பாதத்தை நிலத்தில் அழுத்தச் சொல்லி, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சுற்றியுள்ள பொருட்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். அது அடிக்கடி வருமானால் உங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். தனியே அனுப்பாதீர்கள்.

எந்த ஆட்டம் என்பது உங்கள் விருப்பம். எகிப்தின் ஊராட்டமாக இருக்கலாம், உங்கள் ஆச்சியின் கும்மியாக இருக்கலாம், கோலாட்டமாக இருக்கலாம். உங்கள் ஊரில் அந்த ஆட்டத்தை அறிந்த கிழவிகள் இன்னும் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். முகாமில் நாங்கள் இழந்தவற்றின் பட்டியலில் அவர்களுடைய ஆட்டத்தை எவரும் பதியவில்லை. எங்கள் ஆச்சிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவரிடமிருந்து இதுவரை நான்கு கும்மி அடிகளைப் பழகியிருக்கிறோம். இன்னும் இருக்கிறதாம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தாவதைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.